இணையத்தில் இலவசம்: விலை கொடுப்பவர் யார்?

ஒரு பொருளையோ சேவையையோ விலையின்றிப் பெறுவது மனித சமூகத்திற்குப் புதிதன்று. தண்ணீர்ப் பந்தல், வழிப்போக்கர் தங்கும் சத்திரம், வக்ஃபு வருவாயில் நடந்த மருத்துவமனை, மத்ரசா என இலவசத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. அவற்றிலெல்லாம் கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பது தெளிவாக இருந்தது. கொடுத்தவர் தம் சொத்திலிருந்து கொடுத்தார். பெற்றவர் பதிலாக எதையும் கொடுக்கவில்லை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இணையத்தின் வழியாக நம் கைக்கு வந்திருக்கும் இலவசம் இந்த வகையைச் சேர்ந்ததன்று. தேடுபொறி, மின்னஞ்சல், வரைபடம், காணொளி, சமூக வலைத்தளம், தொழுகை நேரம் காட்டும் செயலி ஆகிய அனைத்தும் பயனாளரிடம் ஒரு காசும் கேட்பதில்லை. அவற்றின் செலவை விளம்பரதாரர்கள் ஏற்கிறார்கள் என்றே பொதுவாக விளக்கம் தரப்படுகிறது.

இவ்விளக்கம் பொய்யன்று. ஆனால் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. விளம்பரதாரர் பணம் கொடுத்து வாங்கும் பொருள் எது? அது யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது? எடுக்கப்பட்ட பின் யார் யார் கைக்குச் செல்கிறது? இம்மூன்றில் கடைசிக் கேள்வியே மிகக் குறைவாகப் பேசப்படுவது. இழப்பு மிகுதியாக மறைந்து கிடப்பதும் அங்கேதான்.

ஒரு சென்ட் செய்தித்தாள்

விளம்பர வருவாயை நம்பி வாசகனுக்கு மலிவாகக் கொடுக்கும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. 1833 செப்டம்பரில் பெஞ்சமின் டே என்னும் அச்சகத்தார் நியூயார்க்கில் ‘சன்’ என்ற நாளிதழைத் தொடங்கினார். அக்காலத்தில் ஒரு நாளிதழின் விலை ஆறு சென்ட். வணிகர்களும் வழக்கறிஞர்களுமே அதை வாங்கினர். டே தம் இதழை ஒரு சென்டுக்கு விற்றார். காகிதத்திற்கும் அச்சுக்கும் அந்த ஒரு சென்ட் போதாது. ஆனால் பெருந்திரளாக வாசகர்கள் சேர்ந்தால் அந்தத் திரளையே விளம்பரதாரர்களுக்கு விற்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்குப் பலித்தது. செய்தித்தாளின் உண்மையான வாடிக்கையாளர் வாசகர் அல்லர், விளம்பரதாரரே என்ற தலைகீழ் ஏற்பாடு அன்று உருவாயிற்று.

அதன் பக்கவிளைவும் விரைவிலேயே தெரிந்தது. 1835 ஆகஸ்டில் அதே ‘சன்’ இதழ், நிலவில் வௌவால் சிறகுடைய மனித உருவங்கள் வாழ்வதைப் பெரிய வானியலாளர் ஒருவர் தொலைநோக்கியில் கண்டதாகத் தொடர் கட்டுரை வெளியிட்டது. அனைத்தும் புனைவு. ஆனால் இதழின் விற்பனை உயர்ந்தது. கவனத்தை விற்றுப் பிழைக்கும் தொழிலில், கவனத்தை ஈர்ப்பது உண்மையா பொய்யா என்பது இரண்டாவது கேள்வியாகிவிடுகிறது என்பதற்கு இது முற்பட்ட சான்று.

எனினும் பழைய ஏற்பாட்டிற்கு ஓர் எல்லை இருந்தது. செய்தித்தாளுக்கு வாசகனைத் தெரியாது. அவன் எந்தப் பக்கத்தைப் படித்தான், எதைப் படித்து முகம் சுளித்தான், படித்த பின் எங்கே போனான் என்பது வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்கூடத் தெரியாது. இணையம் இந்த எல்லையை அழித்தது.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மான்டுல்லி ‘குக்கி’ என்னும் சிறு குறிப்புக் கோப்பை உருவாக்கினார். ஒருவர் ஓர் இணையக் கடைக்குத் திரும்பி வரும்போது அவர் முன்பு எடுத்து வைத்த பொருள்களைக் கடை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கம். விளம்பர நிறுவனங்கள் இதில் வேறொரு வாய்ப்பைக் கண்டன. ஆயிரம் தளங்களில் தம் விளம்பரத்தை வைக்கும் ஒரு நிறுவனம், ஒரே குக்கியைக் கொண்டு அந்த ஆயிரம் தளங்களிலும் ஒரே ஆளை அடையாளம் காணலாம். டபிள்கிளிக் என்ற நிறுவனம் இவ்வழியில் வளர்ந்தது. அதை 310 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் 2007இல் அறிவித்து, 2008இல் வாங்கி முடித்தது.

கூகுளின் கதையில் ஒரு முரண் உண்டு. அதன் நிறுவனர்களான செர்கெய் பிரினும் லேரி பேஜும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த 1998இல் தம் தேடுபொறியைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினர். விளம்பரத்தால் பிழைக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும், தேடுபவரின் தேவையிலிருந்து விலகும் என்று அதன் பின்னிணைப்பில் அவர்களே எச்சரித்திருந்தனர். இரண்டே ஆண்டுகளில், 2000இல், அவர்கள் நிறுவனம் தேடுசொற்களுக்கு விளம்பரம் விற்கத் தொடங்கியது. 2004இல் வந்த ஜிமெயில், மடலின் உள்ளடக்கத்தைக் கணினியால் வாசித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டியது. இவ்வழக்கத்தைக் கைவிடுவதாகக் கூகுள் 2017இல்தான் அறிவித்தது. டபிள்கிளிக் திரட்டும் தகவலைப் பயனாளரின் பெயரோடு சேர்க்க மாட்டோம் என்று முன்பு வைத்திருந்த வேலியும் 2016இல் விதிமுறை மாற்றத்தால் அகற்றப்பட்டது. 2024இல் அதன் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் வருவாய் சுமார் 35,000 கோடி டாலர். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கோ அதே ஆண்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கும் மேல் விளம்பர வருவாயே.

தோற்றவருக்கும் கிடைக்கும் பொருள்

இன்றைய இணைய விளம்பரம் எவ்வாறு விற்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பலரும் நினைப்பதுபோல் ஒரு தளம் ஒரு விளம்பரதாரரோடு முன்கூட்டி ஒப்பந்தம் செய்து இடத்தை விற்பது இப்போது ஒரு பகுதி மட்டுமே. எஞ்சியதில் பெரும்பங்கு ஏலத்தில் விற்பனையாகிறது.

நாம் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும் கணத்தில், பக்கம் முழுமையாகத் தோன்றுவதற்கு முன்பே, அதில் உள்ள வெற்றிடத்திற்கு ஏலம் நடந்து முடிந்துவிடுகிறது. ஏல அறிவிப்பில் நம்மைப் பற்றிய விவரங்கள் செல்கின்றன: எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம், எந்தக் கருவியில், எந்த ஊரில், நம் கருவியின் அடையாள எண் யாது, நம் நாட்டங்களாகக் கணிக்கப்பட்டவை எவை என்பன போல. இந்த அறிவிப்பு ஏலத்தில் பங்கேற்கும் பல நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் போகிறது. அவர்களுடைய கணினிகள் விலை சொல்கின்றன. அதிக விலை சொன்னவரின் விளம்பரம் நம் திரையில் தோன்றுகிறது. ஒரு வினாடியின் சிறு பகுதிக்குள் இத்தனையும் நிகழ்கிறது.

சாதாரண ஏலத்தில் தோற்றவர் வெறுங்கையோடு திரும்புவார். இந்த ஏலத்திலோ தோற்றவருக்கும் நம்மைப் பற்றிய விவரம் கிடைத்துவிடுகிறது. விளம்பரம் வைக்கும் எண்ணமே இல்லாமல், விவரத்தைச் சேகரிப்பதற்காகவே ஏலக் களத்தில் நிற்க முடியும், நிற்கிறார்கள். அயர்லாந்தின் குடிமை உரிமைகள் மன்றம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அமெரிக்காவில் ஒருவரைப் பற்றிய இத்தகைய விவரம் நாளொன்றுக்குச் சராசரியாக 747 முறையும், ஐரோப்பாவில் 376 முறையும் இவ்வாறு ஒலிபரப்பாகிறது. இரு நிலப்பகுதிகளையும் சேர்த்து ஆண்டுக்கு 178 லட்சம் கோடி முறை.

ஆகவே விளம்பரம் நம் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பு மட்டுமே. அதன் அடியில் ஒரு குழாய் போடப்பட்டிருக்கிறது. விளம்பரத்திற்காகப் போடப்பட்ட குழாய்தான் அது. ஆனால் அதன் மறுமுனையில் யார் பாத்திரம் ஏந்தி நிற்கிறார் என்பதைக் குழாய் கேட்பதில்லை.

கிப்லா காட்டிய கருவி

மறுமுனையில் யாரும் நிற்கலாம் என்பதற்கு முஸ்லிம் வாசகர்களுக்கு மிக நெருக்கமான சான்று ஒன்று உண்டு. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று உருவாக்கிய ‘முஸ்லிம் புரோ’ என்னும் செயலி, தொழுகை நேரத்தையும் கிப்லாத் திசையையும் காட்டுவது. குர்ஆன் ஓதவும் கேட்கவும் உதவுவது. உலகெங்கும் 9.8 கோடிக்கும் மேற்பட்ட முறை அது பதிவிறக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தோடு கூடிய இலவசப் பதிப்பையே பெரும்பாலோர் பயன்படுத்தினர்.

2020 நவம்பரில் ‘மதர்போர்டு’ என்ற அமெரிக்க இதழ் ஒரு செய்தி வெளியிட்டது. அச்செயலி பயனாளர்களின் இருப்பிடத்தை எக்ஸ்-மோடு என்னும் நிறுவனத்திற்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எக்ஸ்-மோடு அதைத் தன் வாடிக்கையாளர்களுக்கு விற்றது. அந்த வாடிக்கையாளர்களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குப் பணி செய்யும் ஒப்பந்ததாரர்களும் இருந்தனர் என்பது அச்செய்தியின் சாரம். செயலி தன் அனுப்புகையை எப்படிச் செய்கிறது என்பதைத் தொழில்நுட்ப வழியில் சோதித்துப் பார்த்த பின்பே இதழ் அதை எழுதியிருந்தது.

செயலி நிறுவனம், தான் படையினருக்குத் தகவல் விற்றதாகக் கூறுவது தவறு என்று மறுத்தது. அதே வேளையில் எக்ஸ்-மோடு நிறுவனத்தோடு இருந்த தொடர்பை உடனே துண்டித்துக்கொள்வதாகவும் அறிவித்தது. நேரடியாகப் படைக்கு விற்கவில்லை என்ற மறுப்பை ஏற்றுக்கொள்ளத் தடையில்லை. உண்மையில் அந்த மறுப்பே இவ்வணிகத்தின் இயல்பை நன்கு விளக்குகிறது. முதல் விற்பனையாளர் யாருக்கு விற்றாரோ அவரை மட்டுமே அறிவார். அடுத்த கை, அதற்கடுத்த கை எவருடையது என்பதை அவர் அறிய வேண்டியதில்லை, அறியாதிருப்பதே வசதியும்கூட.

இதில் கைமாறிய தொகை எவ்வளவு? அமெரிக்காவில் நாள்தோறும் 50,000 பேர் பயன்படுத்தும் ஒரு செயலிக்கு மாதம் 1,500 டாலர் கிடைக்கும் என்று எக்ஸ்-மோடு தன் தளத்தில் செயலி உருவாக்குவோருக்கு ஆசை காட்டியிருந்தது. ஓர் ஆளுக்கு மாதம் மூன்று சென்ட்! வீடு, வேலையிடம், பள்ளிவாசல், மருத்துவமனை, உறவினர் இல்லம் என ஒரு மனிதர் ஒரு மாதம் முழுவதும் எங்கெங்கே இருந்தார் என்ற பதிவின் சந்தை விலை அது.

விற்கப்பட்ட விவரங்களில் பெயர் இல்லை என்பது இத்தகைய நிறுவனங்கள் எப்போதும் சொல்லும் சமாதானம். இதன் வலிமையை 2013இல் ஓர் ஆய்வு சோதித்தது. பதினைந்து லட்சம் பேரின் கைப்பேசி நடமாட்டப் பதிவுகளை ஆராய்ந்தபோது, இடமும் நேரமும் குறித்த நான்கே நான்கு புள்ளிகள் இருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைத் தனித்துப் பிரித்துவிட முடிந்தது. இரவில் கைப்பேசி கிடக்கும் இடம் வீடு. பகலில் இருக்கும் இடம் அலுவலகம். வெள்ளிக்கிழமை நண்பகலில் இருக்கும் இடம் எது என்று சொல்ல வேண்டியதில்லை. பெயரை மறைத்துவிட்டு முகவரியைக் கொடுப்பதற்கு நிகரான செயல் இது.

இது தனித்த ஒரு செயலியின் கதையுமன்று. 2021 ஜனவரியில் ‘ஸலாத் ஃபர்ஸ்ட்’ என்னும் மற்றொரு தொழுகைச் செயலியின் இருப்பிடத் தகவல் பிரெடிசியோ என்ற பிரெஞ்சு நிறுவனத்திற்குச் சென்றதை அதே இதழ் வெளிப்படுத்தியது. 2022 ஏப்ரலில், பனாமாவில் பதிவுசெய்யப்பட்ட ஒரு நிறுவனத்தின் மென்பொருள் துண்டு பல செயலிகளுக்குள் பொதிந்திருப்பதை ஆய்வாளர் இருவர் கண்டறிந்தனர். அவற்றிலும் தொழுகைச் செயலிகள் இருந்தன. அந்த மென்பொருள் கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரி, இருப்பிடம் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்திற்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்பந்ததாரர் ஒருவரோடு தொடர்பு இருந்ததாகச் செய்திகள் வெளியாயின. கூகுள் அச்செயலிகளைத் தன் கடையிலிருந்து நீக்கியது.

தொழுகைச் செயலிகள் மட்டும் இவ்வாறு குறிவைக்கப்பட்டன என்று முடிவு செய்வது சரியாகாது. வானிலை, விளையாட்டு, திருமண இணை தேடல் எனப் பலவகைச் செயலிகளும் இதே குழாயில் இணைந்திருந்தன. ஆனால் தொழுகைச் செயலியில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. நேரத்தைக் கணிக்க இருப்பிடம் தேவை என்பதால் பயனாளர் தயக்கமின்றி அனுமதி கொடுக்கிறார்; ஐந்து வேளையும் நினைவூட்ட வேண்டும் என்பதால் செயலி நாள் முழுவதும் பின்னணியில் இயங்குகிறது; பயனாளர் அனைவரும் ஒரே சமயத்தவர் என்பது கேட்காமலே தெரிகிறது. தரவுத் தரகருக்கு இதைவிட வாய்ப்பான சரக்கு எளிதில் கிடைக்காது.

இனி, சட்டத்தின் நிலை. கைப்பேசி நிறுவனத்திடமிருந்து ஒருவரின் பழைய நடமாட்டப் பதிவைப் பெறக் காவல்துறைக்கு நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் கார்ப்பென்டர் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் அத்தகைய விவரத்தையே சந்தையில் விலை கொடுத்து வாங்கினால் ஆணை தேவையில்லை என்று அரசு அமைப்புகள் கருதிக்கொண்டன. விலைக்குக் கிடைக்கும் இத்தகைய விவரம் ஏறத்தாழ எல்லாரையும் பற்றியதாக இருக்கிறது என்பதை அமெரிக்க உளவுத் துறைத் தலைமை அலுவலகத்திற்காகத் தயாரிக்கப்பட்டு 2023 ஜூனில் வெளியான அறிக்கையே ஒப்புக்கொண்டது. 2024 ஜனவரியில் அந்நாட்டு வணிக ஆணையம், எக்ஸ்-மோடு நிறுவனமும் அதன் வாரிசு நிறுவனமும் வழிபாட்டிடம், மருத்துவமனை போன்ற நுண்ணிய இடங்களைப் பற்றிய இருப்பிடத் தகவலை விற்பதைத் தடை செய்தது. அவ்வகையில் அதுவே முதல் தடை. முன்னரே விற்கப்பட்டுவிட்ட பிரதிகளை வாங்கியோர் அனைவரிடமிருந்தும் திரும்பப் பெறுவது எந்த ஆணையாலும் முழுமையாக ஆகக்கூடியதன்று.

சம்மதம் என்னும் சொல்

இத்தனையும் பயனாளரின் ஒப்புதலோடுதான் நடக்கிறது என்பது நிறுவனங்களின் வாதம். பல பக்கங்கள் நீளும் விதிமுறையின் கீழ் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியதே அந்த ஒப்புதல். ஃபிக்ஹு நூல்களின் வணிகப் பகுதியைப் படித்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழாமலிராது. விலை இன்னதென்று தெரியாத விற்பனையையும், கொடுக்கப்படும் பொருளின் அளவும் இயல்பும் அறியப்படாத ஒப்பந்தத்தையும் ‘கரர்’ என்று சொல்லி ஃபுகஹாக்கள் விலக்கியிருக்கிறார்கள். பறவை வானிலும் மீன் நீரிலும் இருக்கும்போதே அவற்றை விற்பது அவர்கள் காட்டும் வழக்கமான எடுத்துக்காட்டு. இணையத்தின் இலவச ஒப்பந்தத்தில் பயனாளர் கொடுப்பது என்ன, எவ்வளவு, எத்தனை காலத்திற்கு, யாருக்கு என்ற நான்கும் அவருக்குத் தெரியாது. இதை நேரடியாகக் கரர் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு அறிஞர்களுடையது. ஆனால் அவ்விதி எந்த அநீதியைத் தடுக்க எழுந்ததோ அதன் சாயல் இங்கே இருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

தெரிந்தே கொடுத்த பொருளும் வேறு வழிக்குத் திருப்பப்பட்டதுண்டு. கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லிப் பெற்ற கைப்பேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் 2013 முதல் 2019 வரை விளம்பரக் குறிவைப்புக்குப் பயன்படுத்திய ட்விட்டர் நிறுவனத்திற்கு 2022இல் அமெரிக்காவில் 15 கோடி டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 14 கோடிக்கும் மேற்பட்ட பயனாளர் அந்த எண்களையோ முகவரிகளையோ நம்பிக் கொடுத்திருந்தனர். பூட்டுப் போடக் கொடுத்த சாவியைக் கொண்டு வீட்டைத் திறந்து பார்த்த கதை.

நண்பர் ஒருவர் கொடுக்கும் சம்மதத்தால் நாம் இழப்பதும் உண்டு. 2018 மார்ச்சில் வெடித்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் ஃபேஸ்புக்கில் ஆளுமைச் சோதனைச் செயலி ஒன்றை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர். அவர்களின் நண்பர்கள் என்ற ஒரே காரணத்தால் 8.7 கோடி பேர் வரை விவரம் எடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே கூறியது. இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எதையும் அழுத்தியதில்லை, எதையும் ஏற்றதில்லை.

சினத்திற்கு ஐந்து மதிப்பெண்

தகவல் இழப்போடு நில்லாமல் வேறொரு விலையும் செலுத்தப்படுகிறது. விளம்பர வருவாய், திரையின்முன் மக்கள் கழிக்கும் நேரத்தைப் பொறுத்தது. எனவே நேரத்தை நீட்டிக்கும் எதுவும் நிறுவனத்திற்கு நன்மை. 2017இல் ஃபேஸ்புக், பதிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கில் சாதாரண விருப்பக் குறிக்கு ஒரு மதிப்பும், சினம், வியப்பு போன்ற உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து மடங்கு மதிப்பும் கொடுத்தது. சினக் குறியைப் பெறும் பதிவுகளில் பொய்யும் நச்சும் மிகுதி என்பதை அதன் ஆய்வாளர்களே பின்னர் கண்டனர். 2021இல் வெளியான உள் ஆவணங்களால் இது உலகுக்குத் தெரிந்தது. 1835இன் வௌவால் மனிதனை அச்சடித்த அதே ஆசைதான். ஆனால் இம்முறை ஆசிரியர் ஒருவரும் இல்லை, கணக்கு மட்டுமே இருந்தது.

இந்தக் கணக்கு உயிர்ச் சேதத்தில் முடிந்த நாடு மியான்மர். பத்தாண்டுகளுக்கு முன் அங்கே கைப்பேசி திடீரெனப் பரவியபோது, பெரும்பாலோருக்கு இணையம் என்றாலே ஃபேஸ்புக் என்றாயிற்று. தரவுக் கட்டணமின்றி ஃபேஸ்புக்கைப் பார்க்கும் திட்டமும் 2016இல் அங்கு வந்தது. ரோஹிங்கியா முஸ்லிம்களைப் பற்றிய வெறுப்புரையும் பொய்ச் செய்தியும் அதில் பெருகின. 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்திற்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் வங்காள தேசத்திற்குத் தப்பியோடினர். சமூக ஊடகம் இதில் தீர்மானிக்கும் பங்கு வகித்தது என்று ஐ.நா. உண்மை அறியும் குழுவின் தலைவர் மர்சுகி தாருஸ்மான் 2018 மார்ச்சில் கூறினார். தங்கள் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்படுவதைத் தடுக்கத் தாங்கள் போதிய அளவு செய்யவில்லை என்பதை அவ்வாண்டு நவம்பரில் ஃபேஸ்புக்கும் ஒப்புக்கொண்டது. வெறுப்பை விதைத்தவர்கள் இராணுவத்தினரும் இனவாதிகளும்தான். அப்பழியை ஒரு நிறுவனத்தின் தலையில் ஏற்றி அவர்களை விடுவிக்கலாகாது. ஆனால் அந்த விதையைத் தண்ணீர் ஊற்றி வளர்த்த வாய்க்கால் விளம்பர வருவாய்க்காக வெட்டப்பட்டது. அங்கே விலை கொடுத்தவர்களில் பலர் ஃபேஸ்புக் கணக்கே இல்லாத கிராமத்தார்.

இதே கட்டணமில்லாத் திட்டத்தை இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பிப்ரவரியில் பாகுபாட்டுக் கட்டண விதியின் கீழ்த் தடுத்தது நினைவுகூரத்தக்கது.

பணக் கணக்கு

பணமாகவும் நாம் செலுத்தியே வருகிறோம். சோப்பு விற்பவர் விளம்பரத்திற்குக் கொடுக்கும் தொகை சோப்பின் விலையில் அடங்கியிருக்கிறது; இணையத்தைத் தொட்டே பார்க்காதவரும் அதைக் கொடுக்கிறார். செய்தித்தாள்களின் வருவாய் எங்கே போயிற்று என்பதும் இக்கணக்கில் சேர வேண்டியதே. அமெரிக்க நாளிதழ்களின் விளம்பர வருவாய் 2006இல் சுமார் 4,900 கோடி டாலராக இருந்தது. 2020இல் அது 1,000 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. சிற்றூர்களில் நகரசபைக் கூட்டத்திற்குப் போய் உட்கார்ந்து எழுதிய நிருபர் காணாமற்போனார்.

ஓர் ஆளின் கவனத்திற்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் மதிப்பு ஒரே சீராக இல்லை. 2023இன் கடைசி மூன்று மாதங்களில் ஃபேஸ்புக் அமெரிக்க, கனடியப் பயனாளர் ஒருவரிடமிருந்து சராசரியாக 68 டாலருக்கு மேல் ஈட்டியது. ஆசிய பசிபிக் பகுதியில் அது ஐந்தரை டாலர் அளவே. மலிவான பயனாளரின் மொழியில் வரும் வெறுப்புரையைக் கண்காணிக்க எவ்வளவு செலவிடப்படும் என்பதை இந்த வேறுபாட்டிலிருந்து ஊகிக்கலாம். மியான்மர் அனுபவமும் அதற்கு மாறானதைச் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் இந்த மறைந்த விலைக்கு ஒருமுறை சீட்டு ஒட்டப்பட்டது. அங்குள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்த பின் எழுந்த வழக்குகளின் நெருக்கடியால், 2023 அக்டோபரில் மெட்டா ஒரு திட்டம் அறிவித்தது: கண்காணிப்புக்கு உடன்படுங்கள், இல்லையேல் மாதம் 9.99 யூரோ கட்டுங்கள். கைப்பேசி வழியென்றால் 12.99 யூரோ. இரண்டு தளங்களைக் கண்காணிப்பின்றிப் பயன்படுத்த ஆண்டுக்கு நூறு யூரோவுக்கும் மேல்! பின்னர் இக்கட்டணம் குறைக்கப்பட்டது. இவ்வாறு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது உண்மையான தேர்வாகாது என்று கூறி 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் மெட்டாவுக்கு 20 கோடி யூரோ தண்டம் விதித்தது. நம் பக்கத்தில் இலங்கை 2022இலும் இந்தியா 2023இலும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டங்களை இயற்றியுள்ளன.

முவக்கித் பெற்ற ஊதியம்

விளம்பரமின்றி இத்தகைய சேவைகளை நடத்த இயலாது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். 2002இல் விக்கிப்பீடியாவில் விளம்பரம் வரக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது ஸ்பானிய மொழித் தொண்டர்கள் பலர் பிரிந்து சென்று தனிக் கலைக்களஞ்சியம் தொடங்கினர். இன்றுவரை விக்கிப்பீடியா விளம்பரம் ஏற்கவில்லை, நன்கொடையில் நடக்கிறது.

தொழுகை நேரத்தைப் பொறுத்தவரை விடை இன்னும் பழையது. மம்லூக்கியர் காலத்தில் எகிப்திலும் சிரியாவிலும் பெரிய பள்ளிவாசல்களில் ‘முவக்கித்’ என்னும் பதவி இருந்தது. நேரம் கணிக்கும் வானியலாளர் அவர். ஊதியம் வக்ஃபு வருவாயிலிருந்து வந்தது. மக்களிடம் கட்டணம் இல்லை. டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்த இப்னுஷ் ஷாதிர் 1371இல் அதன் மினாராவில் அமைத்த சூரியக் கடிகாரம் வானியல் வரலாற்றில் பெயர் பெற்றது. நேரத்தை அறிந்துகொண்டவர் எவர் என்பதை அக்கடிகாரம் குறித்துவைக்கவில்லை.

இன்றைய கைப்பேசிக்கும் அந்தத் தேவை உண்மையில் இல்லை. செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கைப்பேசி வாங்கித் தன் இருப்பிடத்தைத் தானே கணித்துக்கொள்கிறது. கைப்பேசி எங்கிருக்கிறது என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. அட்சரேகை, தீர்க்கரேகை, நாள் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் அடிவானத்தின் கீழ்ச் சூரியன் இறங்கும் கோணத்தையும், அஸருக்கு நிழலின் நீளத்தையும் கொண்டு ஐந்து நேரமும் கணிக்கலாம். கிப்லாவுக்கு மக்காவின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கூடுதலாக வேண்டும், அவை மாறுவதில்லை. இக்கணக்கு முழுவதையும் மலிவான கைப்பேசியே ஒரு நொடிக்குள் முடித்துவிடும். இருப்பிடம் கைப்பேசியைவிட்டு வெளியேறுவது தொழுகை நேரத்திற்காக அன்று.

இதைச் சோதித்தறிய நிபுணத்துவம் வேண்டியதில்லை. இணையத் தொடர்பை முற்றிலும் நிறுத்திவிட்டு, இருப்பிட வசதியை மட்டும் விட்டுவைத்து, புதிய ஊரில் செயலியைத் திறந்து பார்த்தால் போதும். அவ்வூரின் நேரத்தை அது சரியாகக் காட்டினால், கணக்கு உள்ளேயே நடக்கிறது. ஊரின் பெயர் மட்டும் தோன்றாமற்போகலாம்.